பழ சாலட்டுக்கு எந்த சீஸ்? கடையில் கிடைக்கும் மென்மையான சீஸ்கள், ஒவ்வொன்றாக

பழ சாலட்டுக்கென்று ஒரே ஒரு சீஸ்தான் வாங்குவது என்றால், உப்புநீரில் மூழ்கியிருக்கும் கட்டி ஃபெட்டாவை வாங்குங்கள். சுவையில் அதைவிட நுட்பமான சீஸ்கள் உண்டு. அவற்றில் இரண்டை இந்தக் கட்டுரையில் மனதாரப் பாராட்டவும் போகிறோம். ஆனால் பெரும்பாலான பழங்களோடு சேர்த்தாலும், கை தேராதவர் செய்தாலும், காலை வாராதது ஃபெட்டா மட்டுமே.

காரணம் தண்ணீர். நூறு கிராம் தர்பூசணியில் ஏறத்தாழ 91 கிராம் தண்ணீர்தான். ஸ்ட்ராபெர்ரியும் அப்படியே, பீச் சற்றுக் குறைவு, மாம்பழம் எண்பத்து மூன்று கிராம் அளவில் இருக்கும். சீஸிலும் தண்ணீர் குறைவில்லை. ஃபெட்டாவில் பாதிக்குச் சற்று மேல், ஃபிரெஷ் மொஸரெல்லாவில் அறுபது சதவீதம் போல, ரிக்கோட்டாவில் எழுபதையும் தாண்டும். பழமும் சீஸும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்து, மேலே உப்பும் விழுந்தால், கால் மணி நேரத்தில் அடியில் வெளுத்த பால்நிறத் தண்ணீர் தேங்கிவிடும். எண்ணெய் அதன் மேல் மிதக்கும், பழம் சாரமிழக்கும், சீஸ் கரையும். பழ சாலட் சரியாக வரவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் சொல்வது இதைத்தான். ஆகவே இங்கே ஒவ்வொரு சீஸையும் மூன்று கேள்விகளால் அளக்கிறோம்: எவ்வளவு தண்ணீர் விடுகிறது, எவ்வளவு உப்பைக் கொண்டுவருகிறது, கிளறினால் உருக்குலையாமல் நிற்கிறதா.

ஃபெட்டா

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஃபெட்டா என்ற பெயர் 2002 முதல் கிரேக்கத் தயாரிப்புக்கு மட்டுமே உரியது. குறைந்தது எழுபது சதவீதம் செம்மறியாட்டுப் பால், மீதி வெள்ளாட்டுப் பால், இரண்டு மாதமாவது பதப்படுத்தல் என்பவை அதற்கான விதிகள். அந்த எல்லைக்கு வெளியே பசும்பாலில் செய்ததும் இதே பெயரில் விற்பனைக்கு வருகிறது. எனவே முகப்பில் உள்ள பெயரை விட்டுவிட்டு, பின்பக்கம் பொருட்கள் பட்டியலில் எந்தப் பால் என்று பாருங்கள். ஆட்டுப்பால் ஃபெட்டாவில் புளிப்புக்குப் பின்னால் ஒரு காரச்சுவை வரும். தர்பூசணியின் தட்டையான இனிப்பைத் தூக்கி நிறுத்துவது அதுதான். பசும்பால் வகையில் உப்பு மட்டுமே முன்னால் நிற்கும்.

வெட்டிப் பார்த்தாலே இன்னொரு வேறுபாடு தெரியும். நல்ல ஃபெட்டாவின் உள்பக்கத்தில் சின்னச் சின்ன வெடிப்புகளும் துளைகளும் இருக்கும், கையால் உடைத்தால் அந்த வெடிப்பில் பிளந்துவரும். துளையே இல்லாமல் வழவழவென்று இருக்கும் வெள்ளை சீஸ், பாலை நுண்வடிகட்டிச் செறிவாக்கிச் செய்த வகையாக இருக்கலாம். ரொட்டியில் தடவ அது நன்றாக இருக்கும். சாலட்டில் இரண்டு முறை கரண்டி பட்டால் பசையாகிப் பழத்தில் அப்பிக்கொள்ளும்.

ஏற்கெனவே உதிர்த்து டப்பாவில் அடைத்த ஃபெட்டாவை வாங்க வேண்டாம். ஒட்டாமலிருக்க அதில் செல்லுலோஸ் தூளோ ஸ்டார்ச்சோ சேர்ப்பது வழக்கம். அது பழச்சாறு பட்டதும் மாவு போல நாக்கில் தங்கும். தவிர, உதிரி ஃபெட்டா உப்புநீர் இல்லாமல் இருப்பதால் உலர்ந்துபோயிருக்கும்.

இந்த சீஸின் தரத்தைச் சோதிக்கத் தர்பூசணி சாலட்டே சரியான உரைகல். நான்கு பேருக்கு அளவு இது. தோலும் விதையும் நீக்கிய தர்பூசணி 600 கிராம், ஃபெட்டா 120 கிராம், சிவப்பு வெங்காயம் சின்னதில் பாதி, எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன், ஆலிவ் எண்ணெய் ஒன்றரை டேபிள்ஸ்பூன், புதினா பதினைந்து இலை, பொடித்த மிளகு கால் டீஸ்பூன். பழத்தை இரண்டரை சென்டிமீட்டர் சதுரமாக நறுக்கி, வடிதட்டில் போட்டு, அடியில் ஒரு பாத்திரம் வைத்து ஃபிரிட்ஜில் இருபது நிமிடம் விடுங்கள். அதைவிடச் சின்னதாக நறுக்கினால் வெட்டுப்பட்ட பரப்பு கூடி, சாறும் கூடுதலாக ஒழுகும். இதற்கிடையில் வெங்காயத்தைத் தாள் போல மெல்லியதாகச் சீவி எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். காரம் அடங்கி இளஞ்சிவப்பாகும். பழத்தை அகலமான தட்டில் பரப்பி, வெங்காயத்தைச் சாற்றோடு தூவி, எண்ணெய் ஊற்றி, புதினாவைக் கிள்ளிப் போட்டு, மிளகு தூவி, கடைசியில் ஃபெட்டாவை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாகக் கையால் உடைத்து மேலே வையுங்கள். சீஸ் விழுந்த பிறகு கிளறவே கூடாது.

உப்பு எங்கே என்று தேட வேண்டாம். ஃபெட்டாவில் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று கிராம் உப்பு இருக்கும். 120 கிராமில் கிட்டத்தட்ட மூன்று கிராம் என்றால் அது முழு சாலட்டுக்கும் போதும். தர்பூசணியின் மேல் தனியாக உப்புத் தூவினால் சவ்வூடுபரவலால் உள்ளிருக்கும் நீர் வெளியே வந்துவிடும், வடிதட்டில் வைத்த உழைப்பு வீண். வாங்கிய ஃபெட்டா அளவுக்கு மீறிக் கரித்தால் துண்டாக்கிக் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்துத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பாலில் ஊறவைத்தால் உப்போடு சேர்ந்து கடுமையும் தணியும்.

ஃபிரெஷ் மொஸரெல்லா

தண்ணீரில் மிதக்கும் உருண்டையாக விற்பதை மட்டுமே சொல்கிறோம். பீட்சாவுக்கென்று கட்டியாகவும் துருவியும் விற்கும் ஈரம் குறைந்த மொஸரெல்லா உருக்குவதற்கானது. பச்சையாகத் தின்றால் ரப்பர்.

பொருட்கள் பட்டியலில் சிட்ரிக் அமிலம் இருந்து, நுண்ணுயிர்க் கலவை இல்லையென்றால் அது நேரடியாகப் புளிப்பேற்றிச் செய்தது. சுவை பாலோடு நின்றுவிடும், சற்று இனிப்பாகவும் இருக்கும். கலவை சேர்த்துப் புளிக்கவைத்த வகையில் தயிரை நினைவூட்டும் லேசான புளிப்பு கிடைக்கும். பழத்தோடு சேர்க்க எங்கள் தேர்வு இரண்டாவதுதான். எருமைப்பால் மொஸரெல்லா இவற்றுக்கெல்லாம் மேலே. எருமைப்பாலில் கொழுப்பு ஏழெட்டு சதவீதம், பசும்பாலில் நான்கை ஒட்டி. அந்தச் செழுமை வாயில் போட்டதும் தெரியும். ஆனால் அது மென்மையும் அதிகம், நீர் விடுவதும் அதிகம். கத்தி பட்டதும் தட்டில் குளம் கட்டும். ஆகவே பிய்த்த துண்டுகளை டிஷ்யூ விரித்த தட்டில் கால் மணி நேரம் வடியவிட்டே ஆக வேண்டும், எருமைப்பால் என்றால் அரை மணி.

வெட்டாமல் பிய்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. பாலாடைக்கட்டியைச் சூடான நீரில் இழுத்து மடித்துச் செய்வதால் மொஸரெல்லாவுக்குள் நார் நாராக அடுக்கு இருக்கும். பிய்த்தால் அந்த அடுக்கு விரிந்து சொரசொரப்பான பரப்பு கிடைக்கும், எண்ணெயும் உப்பும் அதில் தங்கும். கத்தியால் வெட்டிய வழவழப்பான வில்லையில் எதுவும் நிற்காமல் வழுக்கிவிடும்.

இதற்கு ஏற்ற பழம் பீச். நெக்டரினும் ஆகும். மூன்று பீச்சை, சுமார் 450 கிராம், தோலோடு எட்டெட்டுத் துண்டாக்கி, நிறம் மாறாமலிருக்க இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாற்றில் புரட்டுங்கள். 125 கிராம் உருண்டை இரண்டைப் பிய்த்து வடியவிட்டு, அரை டீஸ்பூனுக்கும் குறைவான உப்பை நேரே சீஸின் மேல் தூவி ஐந்து நிமிடம் விடுங்கள். மொஸரெல்லாவில் உப்பு மிகக் குறைவு. பழத்தில் போட்ட உப்பு சீஸுக்குள் போகாது, பழத்தின் நீரை வெளியே இழுக்க மட்டுமே செய்யும். பிறகு பீச்சையும் சீஸையும் மாற்றி மாற்றி அடுக்கி, இரண்டு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய், பத்து பேசில் இலை. பேசிலை முன்கூட்டியே நறுக்கி வைத்தால் வெட்டுப்பட்ட ஓரம் கறுக்கும், பரிமாறும்போது கிள்ளிப் போட்டால் போதும்.

பீச் பழுத்திருக்க வேண்டும், ஆனால் தளர்ந்திருக்கக் கூடாது. காம்புப் பக்கம் மூக்கருகே வைத்தால் வாசம் வர வேண்டும், கட்டைவிரலால் அங்கே லேசாக அழுத்தினால் சற்றே இடம் கொடுக்க வேண்டும். காயாக இருந்தால் ஃபிரிட்ஜுக்கு வெளியே ஓரிரு நாள் வையுங்கள், பழுக்கும். மாம்பழத்துக்கும் கிவிக்கும் இதே வழி. தர்பூசணியும் ஸ்ட்ராபெர்ரியும் திராட்சையும் பறித்த பிறகு இனிப்பேறாது, அவற்றை வாங்கும்போதே சரியாக வாங்கியாக வேண்டும்.

மொஸரெல்லாவைப் பரிமாறுவதற்கு அரை மணி முன்னதாக ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள். குளிரில் அதன் கொழுப்பு இறுகிக்கிடக்கும், மணமும் எழாது, பல்லில் கீச்சிடும். பழம் குளிர்ந்தும் சீஸ் குளிர் விட்டும் இருப்பதுதான் சரி.

புர்ராட்டா

வெளியே மொஸரெல்லாப் பை, உள்ளே மொஸரெல்லா இழைகளும் கிரீமும். இத்தாலியின் புலியா பகுதியில் பிறந்தது. ருசியில் இதற்கு ஈடில்லை, அதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் சாலட்டில் போட்டுக் கிளறுவதற்கென்று வாங்குபவர் பணத்தை வீணாக்குகிறார். கிழிந்த நொடியில் கிரீம் வழிந்து எல்லாவற்றையும் பூசிவிடும். முழு உருண்டையைத் தட்டின் நடுவில் வைத்து, சுற்றிலும் பழத்தை அடுக்கி, உண்ணும் இடத்தில் வெட்ட வேண்டும். 150 முதல் 200 கிராம் உருண்டை இரண்டு பேருக்குப் போதும்.

நீர் குறைந்த பழங்களே இதற்குப் பொருந்தும். நான்காகப் பிளந்த பழுத்த அத்தி, கொட்டை நீக்கிய செர்ரி, அல்லது 200 டிகிரி அவனில் பதினைந்து நிமிடம் வாட்டி ஆறவைத்த திராட்சை. தர்பூசணியும் ஆரஞ்சும் கூடவே கூடாது. எலுமிச்சையைக் கிரீமின் மேல் நேரடியாகப் பிழிந்தால் திரிதிரியாகும். புளிப்பு வேண்டுமென்றால் கெட்டியான பால்சமிக் வினிகரை நான்கைந்து சொட்டு, பழத்தின் மேல். வாங்கும்போது தேதியைப் பாருங்கள். மென்மையான சீஸ்களில் மிகச் சீக்கிரம் தளர்வது இதுதான், கிழித்ததை எடுத்து வைக்கவும் முடியாது.

ரிக்கோட்டா

இதற்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு கிடைக்கவில்லை. சீஸ் செய்து மிஞ்சும் தெளிந்த நீரை எண்பது, தொண்ணூறு டிகிரி வரை சூடாக்கினால் அதில் எஞ்சிய புரதம் திரண்டு மிதக்கும். அதை அள்ளி வடித்ததே ரிக்கோட்டா. அந்த நீரிலுள்ள பால்சர்க்கரை சிறிது தங்குவதால் இயல்பாகவே இனிப்பாக இருக்கும். பழத்தோடு சண்டை போடாத சீஸ் இது.

டப்பாவில் பால், சீஸ்நீர், உப்பு, அமிலம் என்ற அளவோடு பட்டியல் நின்றால் வாங்குங்கள். குவார் கம், காராஜீனன் என்று நீண்டால் வைத்துவிடுங்கள். அந்தப் பிசின்கள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் எவ்வளவு நேரம் வடியவிட்டாலும் வடியாது, நாக்கில் கூழாகப் படியும்.

நல்ல ரிக்கோட்டாவும் அப்படியே போடத் தக்கதல்ல. 250 கிராமை மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து, சல்லடையில் வைத்து, மேலே ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வடியவிடுங்கள். பிறகு இரண்டு சிட்டிகை உப்பு, அரை எலுமிச்சையின் துருவிய மஞ்சள் தோல், ஒரு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய் சேர்த்து முள்கரண்டியால் அடியுங்கள். வெள்ளைத் தோல் வரை துருவினால் கசக்கும்.

இதைப் பழத்தின் மேல் போடாதீர்கள், தட்டின் அடியில் பூசுங்கள். 400 கிராம் ஸ்ட்ராபெர்ரியை இரண்டாக வெட்டி இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் வினிகர், சிறிது மிளகு சேர்த்துக் கால் மணி நேரம் வைத்தால் சிவந்த சாறு ஊறும். மற்ற சாலட்டுகளில் எந்தச் சாற்றைத் தவிர்க்கப் படாதபாடு படுகிறோமோ, அதுவே இங்கே டிரெஸ்ஸிங். ரிக்கோட்டாவின் மேல் பழத்தைச் சாற்றோடு ஊற்றி, வறுத்து நொறுக்கிய பாதாம் ஒரு கைப்பிடி தூவினால் முடிந்தது. ஃபெட்டாவை எல்லோருக்கும் பரிந்துரைத்தாலும், ஸ்ட்ராபெர்ரி கையில் இருக்கும் நாளில் நாங்கள் எடுப்பது ரிக்கோட்டாவையே.

ஆட்டுப்பால் சீஸ்

பதப்படுத்தாத, உருளை வடிவில் வரும் புதிய வகை. வெள்ளாட்டுப் பாலின் கொழுப்பிலுள்ள காப்ரிக், காப்ரிலிக் அமிலங்களே அந்தத் தூக்கலான மணத்துக்குக் காரணம். சிலருக்கு அது பிடிப்பதே இல்லை, விருந்தினருக்குச் செய்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நான்கு பேருக்கு 70 கிராம் தாராளம். மொஸரெல்லாவுக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, இதை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு உதிர்க்க வேண்டும். குளிர் விட்டதும் விரலில் அப்பும். தோலும் உள்தோலும் நீக்கிய ஆரஞ்சுச் சுளை, முலாம்பழம், அத்தி மூன்றுக்கும் ஏற்றது. ஆரஞ்சுச் சுளைகளைச் சல்லடையில் பத்து நிமிடம் வைத்து, வடியும் சாற்றிலேயே இரண்டு மடங்கு எண்ணெய் அடித்து ஊற்றினால் தனியாகப் புளிப்பு வேண்டாம். வெளியே வெள்ளைப் பூசணத் தோல் உள்ள உருளை வேறு ரகம், உதிராது.

பன்னீர்

தண்ணீர் விடாது, உடையாது, உருகாது. மூன்று கேள்விகளில் முதலாவதிலும் மூன்றாவதிலும் முழு மதிப்பெண். ஆனால் உப்பில்லை, புளிப்பில்லை. பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே சாலட்டில் போட்டால் பழத்துக்கு நடுவே மெல்லுவதற்கு ஏதோ ஒன்று என்றுதான் இருக்கும். அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் பத்து கிராம் உப்பைக் கரைத்து, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிய 200 கிராம் பன்னீரை அரை மணி ஊறவையுங்கள். உப்பு உள்ளே மெதுவாகத்தான் இறங்கும், துண்டு பெரிதானால் நடுப்பகுதி சப்பென்றே இருக்கும். துடைத்து, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், எலுமிச்சைத் தோல் துருவல், மிளகு சேர்த்து இன்னும் அரை மணி. இப்படிச் செய்த பன்னீர் மாம்பழத்தோடு நன்றாகச் சேரும், ஃபெட்டாவின் கரிப்பு மாம்பழத்தை அமுக்கிவிடும் இடத்தில் இது அடங்கி நிற்கும்.

கிரீம் சீஸ், மஸ்கார்போனே இரண்டும் சாலட்டுக்கு வேண்டாம். காட்டேஜ் சீஸை நன்றாக வடித்துக் கிண்ணத்தின் அடியில் வைக்கலாம், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

கசப்பு ஏன் வருகிறது

சாலட்டில் சீஸ் கசந்தால், அது கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடையில் திருப்பிக் கொடுக்கிறார்கள். பல நேரம் தவறு சீஸில் இல்லை, அன்னாசியில் இருக்கிறது. சமைக்காத அன்னாசியில் புரோமெலைன், கிவியில் ஆக்டினிடின், பப்பாளியில் பப்பைன் என்று புரதத்தை அறுக்கும் நொதிகள் உண்டு. அவை சீஸின் கேசீன் புரதத்தைத் துண்டாக்கும்போது கசப்பான துணுக்குகள் பிறக்கின்றன. மொஸரெல்லா போன்ற புதிய சீஸ்களில் இது சீக்கிரம் தெரியும், கூடவே மேற்பரப்பு கொழகொழக்கும்.

அன்னாசிக்கு வழி எளிது. ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வெட்டி, காய்ந்த இரும்புச் சட்டியில் இருபுறமும் மூன்று மூன்று நிமிடம் வாட்டினால் நடுப்பகுதி வரை சூடேறி நொதி செயலிழக்கும். முழுக்க ஆறிய பிறகே சீஸோடு சேர்க்க வேண்டும். டின் அன்னாசியில் இந்தச் சிக்கல் இல்லை, அடைக்கும்போதே சூடுபட்டது. கிவியை வாட்டினால் நன்றாயிராது, பரிமாறும் நேரத்தில் ஓரமாக வையுங்கள். தங்கநிறக் கிவியில் அந்த நொதி மிகவும் குறைவு என்பதால் அது பாதுகாப்பான தேர்வு. பப்பாளியில் பப்பைன் இருப்பது பெரும்பாலும் காயின் பாலில். நன்கு பழுத்ததை உடனே சாப்பிடுவதாக இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம்.

வைப்பதும் வைக்காததும்

பாக்கெட்டில் பாஸ்சரைஸ் செய்த பால் என்று இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் முதியவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் அது இல்லாத மென்மையான சீஸைத் தொடக் கூடாது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃபிரிட்ஜின் குளிரிலும் பெருகக் கூடியது. சாலட் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்க வேண்டாம். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. வெளியே எடுத்துப் போவதாக இருந்தால் பழம், சீஸ், எண்ணெய்க் கலவை மூன்றையும் தனித்தனி டப்பாவில் குளிராகக் கொண்டுபோய் அங்கே சேருங்கள்.

பிரித்த ஃபெட்டாவை அதன் சொந்த உப்புநீரிலேயே முழுக மூழ்கவையுங்கள். நீர் போதவில்லை என்றால் கொதித்து ஆறிய கால் லிட்டர் தண்ணீரில் பதினேழு கிராம் உப்பும் சில சொட்டு வினிகரும் கலந்து ஊற்றலாம். வெறும் தண்ணீர் ஊற்றினால் உப்பும் கால்சியமும் கரைந்து வெளியேறி மேற்பரப்பு வழுவழுக்கும். மீந்த மொஸரெல்லாவும் அது வந்த நீரிலேயே இருக்கட்டும், இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். உறையவைத்தால் பனிக்கட்டி அடுக்குகளைக் கிழித்துவிடும், உருகியதும் நீர் பிரிந்து மணல் மணலாக இருக்கும். அப்படி ஆகிவிட்டதைச் சமைப்பதற்கு வைத்துக்கொள்ளலாம், சாலட்டுக்குப் புதிதாக ஒன்று வாங்குங்கள்.